நீரோட்டம்

தெற்காவணி மூல வீதியில் தென்வரிசைக் கடைகள் வடக்குப் பார்த்தவை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் அந்த வரிசையின் வாசல்களில் காலையிலிருந்து மாலைவரை நேர்வெயில் விழாது. வானத்தின் வெளிச்சம் மட்டும் தெருவுக்குள் இறங்கி, எதிர்ச்சுவரில் பட்டு, சலித்த மாவு போல மெத்தென்று உள்ளே வரும். நீலக்கல் பார்க்க மதுரையில் இதைவிட நல்ல இடமும் காலமும் எனக்குத் தெரியாது. மார்கழியில் எங்கள் வீட்டில் நகை வாங்க மாட்டார்கள், பார்ப்பதற்குத் தடையில்லை. அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம். மோதிரத்துக்கு நீலம்தான் வேண்டும், அதுவும் சூடு காட்டாத கல்லாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

நான் கல் பார்க்கப் போகும் பாய் காயல்பட்டினத்துக்காரர். அப்பா காலத்திலிருந்தே கொழும்புக்குப் போய்வந்து கல் வியாபாரம். கடை என்று பலகை கிடையாது. நகைக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, வடக்கே ஒரு ஜன்னல், அதற்கடியில் ஒரு மேஜை, ஓரத்தில் துணி போர்த்திய மைக்ராஸ்கோப். என்னைக் கண்டதும் முதல் வேலையாக டியூப்லைட்டை அணைத்தார்.

"வாங்க தம்பி. வெளிச்சம் நல்லா இருக்கு. முதல்ல கல்லைப் பாத்துருவோம், டீ அப்புறம் குடிச்சுக்கலாம்."

மடித்த வெள்ளைத் தாளைப் பிரித்தார். உள்ளே இன்னொரு மெல்லிய தாள். அதில் ஏழு கற்கள்.

உலகச் சந்தையில் உயர்ந்த நீலத்தை கார்ன்ஃப்ளவர் நீலம் என்கிறார்கள். ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் பூக்கிற பூவாம். நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்காத பூவை வைத்துக் கண்ணில் இருக்கிற கல்லை எப்படி அளப்பது? நமக்குச் சங்குப்பூ இருக்கிறது. வேலியில் படர்ந்து காலையில் விரியும்போது அதன் நீலத்தில் ஊதா ஊறியிருக்கும்; நடுவில் வெளுத்துப்போய், ஓரத்துக்கு வர வர அழுத்தம் கூடும். காயாம்பூ இருக்கிறது. வறண்ட மலையடிவாரப் புதர்களில் கொம்பையே மூடிக்கொண்டு பூக்கும். தனிப் பூவாகப் பார்த்தால் இளசு, கொத்தாகப் பார்த்தால் ஆழம். அழகர்மலையானைக் காயாம்பூ மேனியன் என்று பாடிய ஊரில் இருந்துகொண்டு நீலத்துக்கு வெளியூர்ப் பூவைத் தேடிப்போக வேண்டியதில்லை. பச்சை கலந்த நீலத்துக்கு மயில்கழுத்து. எல்லை தாண்டி இருண்டுவிட்டால் அது பேனா மை.

பாய் விரித்த தாளில் முதல் கல் மைதான். தாளின்மேல் கம்பீரமாகக் கிடந்தது. விரலிடுக்கில் வைத்து ஜன்னலுக்கு நேரே திருப்பியதும் பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. இரும்புச் சத்து அதிகமான கல். ஆஸ்திரேலியா, தாய்லாந்து போல எரிமலைப் பாறையோடு மேலே வந்த நீலங்களில் பெரும்பாலானவை இந்தச் சாதி. இரண்டாவதும் மூன்றாவதும் மயில்கழுத்து. ஐந்தாவதில் நிறம் நன்றாக இருந்தது, ஆனால் நடு வயிற்றில் ஒரு வட்டத்தில் நிறமே இல்லாமல் தாள் தெரிந்தது. பட்டை தீட்டியவர் எடை போய்விடுமே என்று அடியைத் தட்டையாக விட்டால் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராது, ஜன்னல் வழியே பார்ப்பது போல ஊடுருவிப் போய்விடும். ஆறாவதும் ஏழாவதும் வெளிறியவை, அவற்றில் தங்க மனம் வரவில்லை.

நாலாவது கல்லில்தான் அன்றைய காலை முழுவதும் போயிற்று. நீள்வட்டம், இரண்டு கேரட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். ஆக, அரை கிராமுக்கும் குறைவான ஒரு பொருள். மேலிருந்து பார்த்தால் காயாம்பூக் கொத்து. வெட்டிப் பளபளக்காமல் நீலம் உள்ளேயே கனிந்து கிடந்தது. கையை மெல்ல அசைத்தால் நிறம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழிந்தது. நம் பெரியவர்கள் இதற்கு நீரோட்டம் என்று பேர் வைத்தார்கள். ஒளி, பளபளப்பு, தெளிவு என்று மூன்று வார்த்தை செலவழிக்க வேண்டிய இடத்தில் ஒரே சொல். அசைவும் அதிலேயே இருக்கிறது. வைகைக்கரை மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாகத்தான் தெரியும். எழும்பிச் சிறகை விரிக்கும் கணத்தில் நீலம் வெளியே பாயும். நல்ல நீலக்கல் அசைவில் அப்படித்தான் தன்னைக் காட்டுகிறது. கடையின் மஞ்சள் விளக்கடியில் அசையாமல் பெட்டிக்குள் இருக்கும் கல்லைப் பார்த்து விலை பேசுகிறவர்கள், உட்கார்ந்திருக்கும் பனங்காடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"இப்ப பக்கவாட்டுல பாருங்க," என்றார் பாய், கல்லை இடுக்கியில் நிமிர்த்திப் பிடித்து.

பார்த்தேன். கல்லில் நீலமே இல்லை. இளநீர் போல ஒரு தெளிவு. கிட்டத்தட்ட நிறமற்ற உடம்பு. அடியில், கூர்முனை இருக்குமிடத்தில் மட்டும், ஒரு பொட்டு அளவுக்குக் கெட்டியான நீலம். மேலிருந்து பார்த்தபோது கல் முழுக்க நிறைந்திருந்த காயாம்பூ இந்த ஒரு பொட்டிலிருந்து வந்தது. இலங்கைக் கற்களில் நிறம் இப்படித் திட்டுத்திட்டாகத்தான் விளையும். பட்டை தீட்டுபவர் கரடுமுரடான கல்லை நாள் கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைச் சரியாக அடிமுனைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி அமைந்தால் ஒவ்வொரு பட்டையும் அந்தப் பொட்டைத் தூக்கித் தூக்கி மேலே காட்டும். ஒரு மயிரிழை விலகினாலும் கல் வெளுத்துவிடும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. குருந்தப் படிகத்தை அதன் அச்சு வழியே பார்த்தால் ஊதா கலந்த நீலம். குறுக்கே பார்த்தால் பச்சை கலந்த நீலம். ஆக, மேல்முகம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதையும் சாணையில் வைக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். இந்தக் கல்லைத் தீட்டியவர் யாரென்று பாய்க்கும் தெரியாது. இலங்கையின் பேருவளையில் ஒரு வியாபாரியிடம் தீட்டிய கல்லாகவே வாங்கியது. அந்தக் கையை நினைத்துக்கொண்டேன்.

குருந்தம் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்ற பேர் நம் குருந்தத்திலிருந்து போனதுதான். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி. சுத்தமாக விளைந்தால் அதற்கு நிறமே கிடையாது. குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. நீலத்துக்கு இரண்டு பேர் சேர வேண்டும்: ஓர் இரும்பு அணு, அதன் பக்கத்திலேயே ஒரு டைட்டானியம் அணு. வெளிச்சம் படும்போது இரும்பிலிருந்து ஒரு எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவும். தாவுவதற்கு வேண்டிய சக்தியைச் சிவப்பும் மஞ்சளுமான ஒளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். மிஞ்சி வருவது நீலம். டைட்டானியம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், அழுத்தமான நீலம் வந்துவிடும். கலப்படம் என்று நாம் பழித்துச் சொல்வோமே, அதுதான் இங்கே நிறம்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புறஞ்சேரியில் விட்டுவிட்டு மதுரையைச் சுற்றிப் பார்க்க வருகிறான். ஊர்காண் காதையில் இளங்கோ அவனை இரத்தினக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போகிறார். அங்கே மணிகளின் சாதி, நிறம், குற்றம் எல்லாம் கடைக்காரர் கணக்கில் வருகின்றன. நீலத்துக்கு இளங்கோ சொல்லும் உவமை, இருளைத் தெளிய வைத்து எடுத்தது போல என்பது. கலங்கிய நீரைத் தெளிய வைக்கிற மாதிரி இருட்டைத் தெளிய வைத்தால் அடியில் என்ன மிஞ்சும்? மை அளவுக்கு இருண்ட கல்லுக்கும் நல்ல நீலத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தெளிவில்தான் இருக்கிறது. அந்த இடத்திலேயே அவர் இன்னொன்றும் சொல்கிறார்: ஐந்து மணிகள் பிறப்பால் ஒன்று, அழகால் மட்டும் வேறு வேறு என்று. உரைகாரர்கள் அந்த ஐந்தை மாணிக்கம், புருடராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் என்று கணக்கிடுகிறார்கள். இன்றைய வேதியியல்படி வைடூரியமும் கோமேதகமும் வேறு குடும்பம். ஆனால் மாணிக்கமும் நீலமும் நம் கடைகளில் கனக புஷ்பராகம் என்று விற்கும் மஞ்சள் கல்லும் ஒரே குருந்தம். ஐரோப்பாவில் சிவப்புக் கல்லும் நீலக் கல்லும் ஒரே பொருள் என்று நிறுவியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். இந்த ஊர்க் கடைத்தெருவில் அது எப்போதோ புழங்கிய பேச்சு.

மதுரையோடு கல்லின் உறவு இன்னும் பழையது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருந்து அச்சன்கோவில் வரை நீளும் பாறைநிலத்துக்குப் புவியியலாளர்கள் மதுரைப் பாளம் என்று பேர் கொடுத்திருக்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி ஒன்றானபோது இந்தப் பாறைகள் பூமிக்குள் புதைந்து 900 டிகிரிக்கும் மேலே வெந்தவை. அப்போது இலங்கையும் மடகாஸ்கரும் பக்கத்து வீடுகள். இரத்தினபுரியின் நீலங்கள் விளைந்ததும் ஏறக்குறைய அதே அடுப்பில், அதே காலத்தில். கொடைக்கானல் மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பாறைகளில் சபிரின் என்ற கனிமம் இருக்கிறது. நீலக்கல் போன்ற நிறத்தால் அந்தப் பேர். அது நகைக்கல் கிடையாது, பாறைக்குள் சின்னச் சின்ன மணியாகத்தான் கிடக்கும். ஆனாலும் உலகத்துப் புவியியலாளர்கள் அந்த ஊர்ப் பேரைக் கட்டுரைகளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் ஜன்னலோரத்தில் உட்காருவேன்.

அடுப்பு ஒன்றென்றால் நீலம் இங்கே ஏன் விளையவில்லை? மணல்சத்துதான் காரணம். சிலிக்கா தாராளமாக இருக்கும் இடத்தில் அலுமினியம் அதோடு சேர்ந்து வேறு கனிமமாகிவிடும். சிலிக்கா பற்றாத இடத்தில்தான் தனித்து நின்று குருந்தமாகும். மேலூர்ப் பக்கத்து கிரானைட் முழுக்கப் பளிங்கும் ஃபெல்ஸ்பாரும். பளிங்கு கொழிக்கிற பாறையில் நீலத்தைத் தேட முடியாது. கொங்கு நாட்டில் கதை வேறு. காங்கேயம் பக்கம் சிவன்மலைச் சுற்றில் குருந்தம் உண்டு. அங்கிருந்து அதிக தூரமில்லாத நொய்யல் கரைக் கொடுமணலில் 2,000 ஆண்டுகளுக்கு முன் மணி செய்த பட்டறைகளைத் தோண்டி எடுத்தபோது நீலக்கல்லும் கிடைத்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லி அந்த ஊரின் நகைவேலையைப் புகழ்கிறது.

ஆனாலும் மதுரைக்கு நீலம் என்றால் கடல் தாண்டித்தான். 1344இல் இலங்கைக்குப் போன இபன் பட்டூட்டா அங்கே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மணிகளைப் பார்த்து, நீலத்தை அந்த ஊரார் நீலம் என்றே சொல்வதாக எழுதி வைத்தார். அடுத்து அவர் வந்து சேர்ந்தது மதுரை. இரத்தினபுரியில் இன்றும் வயலுக்கடியில் கிணறு போல வெட்டிக்கொண்டு போகிறார்கள். மண்சுவர் சரியாமல் இருக்க மரக்கம்புக்கும் சுவருக்கும் நடுவே பெரணி இலையைத் திணிப்பார்கள். அடியில் கூழாங்கல் படுகை வரும். அந்தப் படுகைக்கு அங்கே இல்லம என்று பேர்; தமிழ்க் காதுக்கு அது வீடு என்றே கேட்கும். அந்தச் சரளையைக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசினால் கனமான கற்கள் அடியில் தங்கும். குருந்தத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 4 மடங்கு. அரிசி களைகிற அதே கை அசைவு.

சூட்டுக்கு வருகிறேன். இலங்கையில் பால் கலந்தது போல மங்கலாக, நிறம் வெளுத்து ஒரு கல் கிடைக்கும்; அதற்கு கெவுட என்று பேர். ஒரு காலத்தில் அதை மதிப்பவர் இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப் போய் 1,600 டிகிரிக்கு மேல் சூடு காட்டினார்கள். பால்போன்ற மங்கலுக்குக் காரணம் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள். அந்தச் சூட்டில் ஊசிகள் கரைந்து டைட்டானியம் படிகத்துக்குள் கலக்க, பால் தெளிந்து நீலம் எழுந்தது. இன்று சந்தைக்கு வரும் நீலங்களில் மிகப் பெரும்பகுதி சூடு கண்டவை. சொல்லி விற்றால் அதில் தவறொன்றும் இல்லை; அந்த நிறம் நிலைக்கும், அது நிஜக் குருந்தம்தான். ஆனால் இயற்கையாகவே நீலமாக வந்த கல் அபூர்வம். அந்த அபூர்வத்தைத் தேடுகிறவருக்கு ஊசிகள் வேண்டும்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, சின்ன டார்ச்சை நாலாவது கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் காஞ்சிப் பட்டின் ஊடும் பாவும் திடீரென்று மின்னுமே, அப்படி ஒரு மூலை எரிந்தது. மூன்று திசையில் ஓடும் இழைகள், ஒன்றையொன்று 60 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொண்டு. நீளமானவை, முறியாதவை, நுனிவரை கூர்மையானவை. சில இழைகளின் மேல் வானவில் ஓடியது. வியாபாரத்தில் இதைப் பட்டு என்றே சொல்கிறார்கள். அடுப்பில் ஏறிய கல்லில் இதே இழைகள் புள்ளி புள்ளியாக அறுந்து கிடக்கும். தெளிவு ஒன்றையே கேட்பவருக்கு இது தோஷம். எனக்கு இந்தக் கல்லின் கனிவே இந்த இழைகளால்தான் வருகிறது: நுழைந்த வெளிச்சத்தை அவை கொஞ்சம் சிதறடிப்பதால்தான் இருண்டு போக வேண்டிய மூலைகளிலும் நீலம் பரவி நிற்கிறது. காஷ்மீர நீலத்துக்குச் சொல்லும் வெல்வெட் மென்மைக்கும் இதைவிட நுண்ணிய துகள்களே காரணம்.

இருபது வருஷத்துக்கு முன் நான் இன்னொரு ஊரில் ஒரு கடையில் ஒரு நீலம் வாங்கினேன். இயற்கைக் கல், சூடு காட்டாதது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கழுவித் துடைத்தது போலத் தெளிவாக இருந்தது, அதில்தான் மயங்கினேன். நாலைந்து வருஷம் கழித்து ஓரம் தேய்ந்ததென்று மறுபடி மெருகேற்றக் கொடுத்தேன். சாணையில் ஓரிரு பட்டை ஓடியதும் அந்த இடத்தில் நீலம் போய் வெள்ளை தெரிந்தது. டைட்டானியத்தைப் பூசிச் சுட்டு, நிறத்தை மேல்தோலுக்கு மட்டும் ஏற்றிய கல். அம்மா சேர்த்து வைத்திருந்த பணத்தில் வாங்கியது அது. அன்றுமுதல்தான் கல்லுக்குள்ளே பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அதற்கான வழியை பாய்தான் காட்டித் தந்தார். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கல்லைப் போடுவார். எண்ணெயில் கல்லின் மினுக்கம் அடங்கிவிடும், பட்டைகள் கரைந்தது போலாகும், நிறம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். பூசிச் சுட்ட கல்லில் பட்டை ஓரங்கள் கோடு போட்டது போல் நீலமாக நிற்கும். உலையில் உருக்கிச் செய்த செயற்கைக் கல்லில் நிறக்கோடுகள் வளைந்து ஓடும். நாலாவது கல்லைப் போட்டார். அடியில் அந்தப் பொட்டு, அதிலிருந்து மேலே போகப் போக வெளுக்கும் நேர்கோடுகள். ஒரு மூலையில் கோடு திரும்பிய இடத்தில் அறுகோணத்தின் ஒரு முனை. படிகம் ஆறு முகத்தோடு அடுக்கடுக்காக வளர்ந்தபோது எந்த அடுக்கில் டைட்டானியம் கிடைத்ததோ அந்த அடுக்கு நீலம். கிடைக்காத அடுக்கு வெள்ளை. பஞ்சமும் செழிப்பும் மரத்தின் வளையத்தில் பதிவது போல.

டீ வந்தது. பாய் அதைத் தொடவில்லை. மைக்ராஸ்கோப்பின் துணியை எடுத்துவிட்டுக் கல்லைப் பொருத்தினார். "இதுக்குத்தான் உங்களைக் காலையிலேயே வரச்சொன்னேன். வெயில் ஏறிட்டா பாக்க முடியாது."

கல்லுக்குள் ஒரு குழிவு. குழிவு என்றாலும் கண்டபடி இருக்கவில்லை. தன் தாய்ப்படிகத்தின் வடிவத்தையே சின்னதாக எடுத்துக்கொண்டு, ஓரங்கள் நேராக, ஒரு குட்டி அறை போல இருந்தது. அறைக்குள் திரவம். திரவத்தின் மேல் ஒரு குமிழி. நீர்மட்டம் பார்க்கும் கொத்தனாரின் குழலில் இருக்குமே, அதே மாதிரி. கல் வளர்ந்தபோது உள்ளே சிக்கிக்கொண்ட கரியமிலவாயு அது. அழுத்தத்தால் பாதி திரவமாகவும் பாதி வாயுவாகவும் இருக்கிறது. பாய் கல்லைத் திருப்பினார். குமிழி மெல்ல நகர்ந்து மறு ஓரத்துக்குப் போனது. 55 கோடி ஆண்டுகளாக அடைந்து கிடக்கும் ஒன்று அசைவதைப் பார்க்கிறோம் என்று நினைக்கையில் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

பிறகு பாய் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம். திரும்பப் பொருத்தினார். குமிழி இல்லை. அறை இருந்தது, உள்ளே ஒரே தெளிவு. கரியமிலவாயுவுக்கு 31 டிகிரிதான் எல்லை. அதற்கு மேல் திரவம், வாயு என்ற பிரிவினையே அழிந்துவிடும். மனிதக் கையின் சூடு போதும். நான் கண்ணை எடுக்கவில்லை. மார்கழிக் குளிர்ச்சியில் கல் மெல்ல ஆறியது. திடீரென்று அறைக்குள் கொதிப்பது போல நூறு நுண்குமிழிகள் எழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பழைய குமிழி வந்து நின்றது.

சித்திரைப் பகலில் வந்திருந்தால் காண முடியாது. மதுரை வெயிலில் இந்தக் குமிழிக்குக் குளிர்ந்த காலைகள்தான். அடுப்பில் ஏறிய கல்லில் என்றுமே காண முடியாது. 1,600 டிகிரி வரும்வரை இந்த அறை தாங்காது. உள்ளேயிருக்கும் வாயு சுவரை வெடித்துக்கொண்டு போய், சுற்றிலும் கீறல் விழுந்துவிடும். சூடு காட்டவில்லை என்று எழுதித் தருகிற எந்தத் தாளையும்விட இந்தக் குமிழியை நான் நம்புவேன். ஒரு சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்து நீதி தெரிந்த ஊர் இது. அன்று தெறித்த மாணிக்கப் பரலும் குருந்தம்தான்.

தாளையும் குறைத்துச் சொல்லவில்லை, அதுவும் வேண்டும். கண்ணுக்கு எட்டாததைக் கருவி பார்க்கும். நல்ல ஆய்வகங்களின் வாசகத்தைக் கவனித்துப் படித்தால் ரசிக்கலாம்: சூடு காட்டவில்லை என்று எழுத மாட்டார்கள், சூடு காட்டியதற்கான அடையாளம் தென்படவில்லை என்பார்கள். கண்டதற்கு மேல் ஒரு சொல் கூடாது என்ற நாணயம் அது. பிறப்பிடத்தைச் சொல்லும்போதும் அது அவர்களுடைய கருத்தாகவே வரும். இரும்பு எவ்வளவு, காலியம் எவ்வளவு, உள்ளே என்ன படிகங்கள் என்று பார்த்து ஊரைச் சொல்கிறார்கள். எரிமலைப் பாறைக் கல்லைப் பிரிப்பது சுலபம். இலங்கையையும் மடகாஸ்கரையும் பிரிப்பது சங்கடம். 1998இல் மடகாஸ்கரின் இலகாகாவில் நீலம் கிடைக்கத் தொடங்கியபோது அவற்றில் பல அப்படியே இலங்கைக் கல்லின் சாயல். பழைய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அல்லவா.

விலையேணியில் காஷ்மீரம்தான் உச்சி. இமயத்தின் பாடர் பள்ளத்தாக்கில், சூம்ஜம் ஊருக்கு மேலே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 1881 வாக்கில் மலை சரிந்த இடத்தில் தெரிந்த நீலம் அது. 1882 முதல் 1887 வரை அள்ளியது அள்ளியதுதான். அதற்குப் பின் அந்தத் தரத்தில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அடுத்து பர்மாவின் மோகொக், அதற்கடுத்து இலங்கை என்பது சந்தைக் கணக்கு. அந்த வரிசையில் எனக்கு உடன்பாடு முழுவதும் இல்லை. பர்மாவில் பிறந்த மந்தமான கல்லும் உண்டு. இலங்கையில் பிறந்து காஷ்மீரம் போலக் கனிந்த கல்லும் உண்டு. முதலில் நிறம், அதற்குப் பிறகு தீட்டிய நேர்த்தி, பிறகு சூடு, கடைசியில் ஊர். ஊர்ப் பேரைக் கேட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தால் கண் தன் வேலையைச் செய்யாது.

திருவிளையாடலில் சொக்கர் இந்த ஊருக்கு மாணிக்க வியாபாரியாக வருகிறார். பாண்டியனின் முடிக்கு மணி வேண்டும். வந்தவர் கல்லைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவரோ உட்கார்ந்து ஒவ்வொரு மணியின் பிறப்பையும் நிறத்தையும் குணத்தையும் குற்றத்தையும் விரித்துச் சொல்கிறார். வலன் என்ற அசுரனின் உடலிலிருந்து நவமணிகள் பிறந்தன. அவனுடைய கண்கள் நீலமாயின என்கிறது பரஞ்சோதியார் பாடிய புராணம். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலும் ராஜராஜன் கொடுத்த மணிகளின் கணக்கில் குழி, வெட்டு, வெள்ளைப்புள்ளி, தாய்ப்பாறை ஒட்டியது எல்லாம் மறைக்காமல் பதிந்திருக்கிறது. சக்கரவர்த்தி கடவுளுக்குக் கொடுத்த கல்லின் குறையையும் கல்லிலேயே வெட்டி வைத்த நாடு இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நீலம் சனீஸ்வரருக்கு உரிய கல். மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்துப் பார்த்து, ஒத்துவருமா என்று தெரிந்துகொண்ட பிறகே போடுவார்கள். அக்கா அதைக் கேட்டாள். பாய் மறுபேச்சில்லாமல் கொடுத்தனுப்பினார். அந்த மூன்று நாளும் வீட்டில் எல்லோரும் கல்லை எடுத்து எடுத்துப் பார்த்தோம். விடிகாலையில் சங்குப்பூவாக இருந்தது. பதினோரு மணிக்குக் காயாம்பூ. விளக்கு வைத்த பிறகு நிறம் உள்ளே இழுத்துக்கொண்டு சாம்பல் தட்டியது. அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மூன்றாம் நாள் அக்கா மகள் மொட்டைமாடியில் கல்லை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். இதுதான் என்றாள்.

தை பிறந்ததும் ஆசாரியிடம் கொடுத்தோம். பழைய நகைகளில் கல்லுக்கடியில் தகடு வைத்து மூடிக் கட்டுவார்கள். மங்கிய கல்லும் பளிச்சிடும். இதற்கு அது வேண்டாம், அடி திறந்து கட்டுங்கள் என்றேன். ஆசாரி கல்லைக் கவிழ்த்து அந்த நீலப் பொட்டைப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், மறுபடி கவிழ்த்துப் பார்த்தார். "எங்கருந்துய்யா வருது இவ்வளவு நெறம்?" என்றார்.

அடி திறந்த கட்டு என்பதால் கல் விரலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. விரலின் சூட்டில் குமிழி கரைந்தே இருக்கும். குளிக்கவோ மாவு பிசையவோ கழற்றி ஜன்னல் திண்டில் வைக்கும்போது, குளிர்ந்த காலையாக இருந்தால், அறைக்குள் அது திரும்ப வந்து நிற்கும். அவளுக்கு ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.